ராணியின் பொட்டு சிவப்பு

மகன்,

நேற்று மத்தியானம் நாங்கள் கதைத்துக்கொண்டிருந்தபோது லைன் வெட்டுப்பட்டதென்று நினைத்திருப்பாய். வெட்டுப்படவில்லை, நான்தான் போனை வைத்தேன். எனக்குக் கோபம் வந்தால் வாய்க்குப் பூட்டு இல்லை என்று உன் அப்பா இருந்தபோது சொல்வார், அது உனக்கும் தெரியும். கொட்டின சொல்லை அள்ள ஏலாது. அதனால் வைத்துவிட்டு, மனதை ஆறப் போட்டு, இன்று கடையில் இருந்து இதை எழுதுகிறேன். மழை இருட்டிக்கொண்டு நிற்கிறது, சனம் குறைவு. வளையல் பெட்டிகளை ஒதுக்கிவிட்டுக் கண்ணாடி அலுமாரிக்கு மேலேயே தாளை விரித்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் கண்ணைக் குறை சொல்லு, கையைச் சொல்லாதே. எழுதி முடித்ததும் கொழும்பு பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவேன், நீ போய் வாங்கிக்கொள். எழுதினதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடலாமே என்று பக்கத்துப் புடவைக்கடை நசீர் நானா கேட்டார். படத்தால் பட்டது போதும் என்றேன்.

அடுத்த கிழமை கொழும்பில் உன் படக் கண்காட்சி திறக்கிறது. அது முடிந்த கையோடு படங்களும் நீயும் வெளிநாட்டுக்குப் போகிறீர்கள். எப்போது திரும்புவாய் என்று உனக்கே தெரியாது. எனக்குப் பெருமை இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். நீ மாதக்கணக்காக இந்தக் கடைத்தெருவில் அலைந்தாய். வெயிலில் காய்ந்தாய், மீன் சந்தைச் சேற்றில் சறுக்கி விழுந்தாய், விழுந்தபோதும் கமராவை மட்டும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு கிடந்தாய். ஊரே சிரித்தது. நீ அனுப்பின படங்களை நான் கடைக்கு வருகிற எல்லோருக்கும் காட்டினேன். மரக்கறிக் கடை வாசலில் கோவா இலைக்குக் கழுத்தை நீட்டுகிற மான், கின்னியாத் தயிர்ச் சட்டிகளுக்குப் பின்னால் முகம் தெரியாமல் சைக்கிள் உழக்குகிறவர், தொழுகைக்குப் போகிற நசீர் நானா கடையைப் பார்த்துக்கொள்ளும்படி எனக்குக் கண்ணைக் காட்டுகிற படம். கந்தளாயில் இருந்து வாழைக்குலை கொண்டு வருகிற சிங்கள மனிசி தமிழில் விலை சொல்கிறா, எங்கள் ரீச்சர் ஒருவர் சிங்களத்தில் விலை குறைக்கிறா. இரண்டு பேரின் பாஷையும் பிழை, சிரிப்பு மட்டும் சரி. இதற்கெல்லாம் நீ ‘பல்லினப் பண்பாடு’ என்று பெயர் வைத்திருக்கிறாய். நாங்கள் இவ்வளவு காலமும் அதைக் கடைத்தெரு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். பரவாயில்லை, பெயர் நன்றாக இருக்கிறது.

ஆனால் அந்தப் படங்களுக்குள் ராணியின் படமும் இருக்கிறது. அதைப் பற்றித்தான் நேற்று கதைத்தோம், அதைப் பற்றித்தான் இப்போதும் எழுதுகிறேன்.

ராணி முதல் பஸ்ஸில் குச்சவெளியில் இருந்து கருவாட்டுக் கடகத்தோடு வந்து என் கடைக்கு நேர் எதிரே சாக்கு விரிக்கிறவள். நீ அவளை அன்ரி என்று கூப்பிட்டு வளர்ந்தாய், ஆனால் அவள் வீட்டுக் கதையை நாங்கள் பிள்ளைகளுக்கு முன்னால் கதைத்ததில்லை. வெள்ளைக்காரர் யாராவது கமராவைத் தூக்கினால் சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிவிடுவாள். ஒருமுறை ஒருவன் விடாமல் நின்றபோது பாரைக் கருவாட்டைத் தூக்கிக்காட்டி, “வாங்கிறதெண்டா வாங்கு, இல்லாட்டிப் போ” என்று விரட்டினாள். அப்படிப்பட்டவளிடம் நீயாகப் போய்க் கேட்கப் பயந்து என்னைத் தூது விட்டாய். நான்தான் ரோட்டைக் கடந்து போனேன். “ராணி, என்ர பொடியன்தானே, வெளிநாடெல்லாம் கொண்டுபோய்க் காட்டப் போறானாம். ஒரு படம் எடுக்கட்டும்” என்றேன். அவள், “உங்கட பிள்ளையெண்டா எடுக்கட்டும் அக்கா” என்று சொல்லி, போத்தல் தண்ணீரில் முகத்தைக் கழுவி, கடையில் வந்து என் கண்ணாடியைப் பார்த்து, பொட்டைச் சரிசெய்துகொண்டு போய் இருந்தாள். நீ அப்போது லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாய்.

படம் எடுத்து முடித்துவிட்டு நீ கேட்டாய், “அன்ரி, மாமா?” என்று. அவள், “அவர் இல்லைத் தம்பி” என்றாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய், மேலே ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் ஆட்களின் மரியாதை அப்படித்தான். துக்கத்தை இரண்டாம் தரம் கேட்க மாட்டோம். அந்த மரியாதையை உனக்குப் பழக்கினவளும் நான்தான், அதற்காக உன்னை ஏசவில்லை. ஆனால் ‘இல்லை’ என்ற சொல் எங்கள் பாஷையில் இரண்டு பக்கமும் வெட்டும். கடைக்கு வந்து ஒருவர் “நசீர் நானா இருக்கிறாரா?” என்று கேட்டால், அவர் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்கிறோம். நாளைக்கு அவர் மையத்தாகிப் போனாலும் இல்லை என்றுதான் சொல்வோம். ராணி சொன்னது முதலாவது ‘இல்லை’. உன் காதில் விழுந்தது இரண்டாவது ‘இல்லை’.

அவளுடைய மனிசன் கடலுக்குப் போகிறவர். மகள் தத்தித் தத்தி நடக்கிற வயதில், யாரோ வந்து, விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். போனவர் போனவர்தான். எந்தக் கடலும் அவரைக் கரையில் கொண்டுவந்து போடவில்லை, எந்தச் சிறையும் அவர் பெயரைச் சொல்லவில்லை. அவள் ஏறாத கந்தோர் இல்லை, நேராத கோயில் இல்லை. மரணச் சான்றிதழ் எடுத்துவிடு, உனக்குச் சலுகை கிடைக்கும் என்று கந்தோர்க்காரர் சொன்னார்கள். செத்தவருக்குச் செய்கிற அந்தியேட்டிக் கிரியையைச் செய்துவிடுவோம், அவன் ஆன்மா அலையக்கூடாது என்று மனிசனின் தமையன்மார் சொன்னார்கள். ஒருநாள் இந்தக் கதிரையில் வந்து இருந்து என்னிடம் கேட்டாள்: “செத்தவீடு காணாத ஆளுக்கு நான் எப்பிடியக்கா பொட்டை அழிக்கிறது? அழிச்சா நானெல்லோ அவரைச் சாக்காட்டினதாப் போகும்?” எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் பொட்டு விற்கிறவள். இந்தத் தெருவில் யார் எந்தப் பொட்டு வைக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்தே காலம் போய்விட்டது. ராணியின் நெற்றியில் சிவப்பு இல்லாத ஒரு காலையை நான் கண்டதில்லை, காய்ச்சலோடு வந்த நாளிலும்.

போன கிழமை நசீர் நானா போனைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடி வந்தார். “தங்கச்சி, மகன்ட கண்காட்சி நோட்டீஸ் வந்திரிக்கு! முன்னுக்கே நம்மட ராணிட முகம்தான்!” நானும் ஆசை ஆசையாக வாங்கிப் பார்த்தேன். என்ன சொல்ல மகன், நல்ல படம். அவளுடைய கண் என்னோடு கதைக்கிற மாதிரி இருந்தது. ஆனால் நீ படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கியிருந்தாய். கறுப்பு வெள்ளையில் சிவப்பு எப்படி விழும்? கறுப்பாக விழும். ராணியின் நெற்றியில் கறுப்புப் பொட்டு. கீழே உன் எழுத்து: ‘கணவனை இழந்த கருவாட்டு வியாபாரி, திருகோணமலை.’ நசீர் நானா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்ன தங்கச்சி, வடிவா இல்லையா?” என்று கேட்டார். அவருக்கு நான் விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. விளங்கினதும் அந்த மனிசன் “யா அல்லா” என்று சொல்லிவிட்டு அப்படியே படியில் இருந்துவிட்டார்.

உனக்கு விளங்கப்படுத்த வேண்டியதில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உன் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து, பெரியாஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டுபோகும் முன்னரே எல்லாம் முடிந்துவிட்டது. செத்தவீட்டில் பெண்கள் என்னைச் சுற்றி நின்று குங்குமத்தை அழித்தபோது நீ குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றாய், அழக்கூட இல்லை. முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து கடையைத் திறக்க வேண்டி வந்தது. வெறும் நெற்றியோடு இருக்கிறவளிடம் எந்தப் புதுப்பெண் பொட்டு வாங்குவாள்? அதற்காகத்தான் கறுப்பு ஸ்ரிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து ஒட்டினேன். நீ பார்த்துக்கொண்டு நின்று, “ஏனம்மா கறுப்பு?” என்று கேட்டாய். “அப்பா செத்திட்டார் எண்டு பாக்கிற ஆக்களுக்குச் சொல்லத்தான் ராசா, அப்பத்தான் ஒருத்தரும் வந்து கேக்கமாட்டினம்” என்றேன். அன்று முதல் இன்று வரை நீ பார்க்கிற உன் அம்மாவின் நெற்றி அதுதான். கறுப்புப் பொட்டு என்ன கதைக்கும் என்று வெள்ளைக்காரனுக்குத் தெரியாமல் இருக்கலாம், கொழும்பில் படம் பார்க்கிற பெரிய ஆட்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். உனக்குமா தெரியாது?

நேற்றுக் கேட்டபோது என்ன சொன்னாய்? “அம்மா, இப்ப புருசன் செத்த ஆக்களும் சிவப்புப் பொட்டு வைக்கினம்தானே. அதால நான் பொட்டை வைச்சு யோசிக்கேல்லை” என்றாய். ஓம், வைக்கினம். வைக்கட்டும், நல்லாய் வைக்கட்டும். விற்கிறவளே நான்தான், ஒருத்தரையும் ஏன் என்று கேட்டதில்லை. எனக்கும் அந்தத் துணிவு இருந்திருந்தால் வைத்திருப்பேன். ஆனால் ராணி வைப்பது துணிவைக் காட்டவோ சடங்கை எதிர்க்கவோ அல்ல. ஊரில் எல்லோரும் அவளைக் கேட்கிற ஒரே கேள்விக்கு அவள் வாய் திறக்காமல் சொல்லுகிற பதில் அது. “எழுத்தை வேணுமெண்டா மாத்திறன். படம் கறுப்பு வெள்ளைதான் அம்மா, எல்லாப் படமும் கறுப்பு வெள்ளை, ஒண்டை மட்டும் கலரில போட்டா வரிசை குலைஞ்சு போம்” என்றாய். அந்த இடத்தில்தான் போனை வைத்தேன். வரிசை குலைந்து போகுமாம்! அங்கே ஒரு மனிசியின் வாழ்க்கையே குலைந்து போய்க் கிடக்கிறது.

குலைந்தது என்று நான் சும்மா சொல்லவில்லை. அவளுடைய மகளுக்குத் தை மாதம் கலியாணம். மாப்பிள்ளை வீட்டுக்கு எல்லாம் சொல்லித்தான் பேசினார்கள்: தகப்பன் காணாமல் போனவர், தாய் பொட்டை அழிக்காதவள், மணவறையில் தாயே முன்னுக்கு நிற்பாள், ஆலாத்தியும் தாயே எடுப்பாள். அவர்களும் ஓம் என்றார்கள். உன் நோட்டீஸ் போன் போனாகப் போய் அவர்களிடமும் போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளையின் மாமிக்காரி குச்சவெளிக்கே வந்துவிட்டாளாம். “கண்காட்சி நோட்டீஸில நீங்களே சொன்னதாயெல்லோ கிடக்கு? வெளியாக்களுக்கு விதவை எண்டு சொல்லிப் படம் எடுப்பியள், எங்கட மணவறையில மட்டும் சுமங்கலியா நிப்பியளோ?” என்று வாசலில் நின்று கேட்டிருக்கிறாள். மனிசனின் தமையன் அதைவிட மேல். “இப்பவாவது உண்மையைச் சொன்னாயே. கலியாணத்துக்கு முன்னம் அந்தியேட்டியை முடிப்பம்” என்று ஐயருக்கு நாள் கேட்கப் போய்விட்டாராம். இத்தனை வருடம் கந்தோர்க்காரராலும் சொந்தக்காரராலும் செய்ய முடியாததை, மகன், நீ ஒரு படத்தாலும் ஒரு வரியாலும் செய்து முடித்துவிட்டாய்.

ஒரு பெண்ணைப் பின்னுக்கு இருத்துகிற சடங்கே பிழை என்பாய். எனக்குச் சொல்கிறாயா? உன் சித்தப்பா மகளின் கலியாணத்தில் நான் தூணுக்குப் பின்னால் நின்றதையும், நீ எல்லோருக்கும் முன்னால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மணவறைக்கு முன்னால் விட்டதையும் நான் மறந்துவிட்டேன் என்று நினைக்கிறாயா? சனம் முணுமுணுத்தது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, உன்னைப் பெற்ற வயிறு குளிர்ந்தும் போயிற்று. அன்று கோபப்படத் தெரிந்த பிள்ளைதான் நீ. சடங்கோடு சண்டை பிடிக்க வேண்டுமானால் பிடி, நானும் வருகிறேன். ஆனால் ராணி உன்னிடம் தந்தது தன் முகத்தை. சண்டை பிடிக்கச் சொல்லி அவள் தரவில்லை. மற்றவர்களுடைய நெற்றியில் நின்றுகொண்டு நாங்கள் வீரம் காட்டக் கூடாது.

நீ கெட்டவன் என்று நான் ஒரு நிமிடமும் நினைக்கவில்லை. அழகு தேடுகிற கண் உனக்கு. எங்கள் தெருவை அழகாகத்தான் காட்டியிருக்கிறாய். ஆனால் அழகு கிடைத்ததும் அங்கேயே நின்றுவிடுகிறாய். கருவாடு வாங்குகிறவர் கூட அமத்திப் பார்க்கிறார், மணந்து பார்க்கிறார், எந்தக் கடல் மீன் என்று இரண்டு தரம் கேட்கிறார். ஆளைக் கொண்டுபோகிற நீ ஒரு தரம்தான் கேட்டாய். போகிற நாட்டில் உனக்கு எத்தனையோ முகங்கள் வரும், பாஷை தெரியாத முகங்கள். அங்கே மரியாதைக்கு வாயை மூடாதே. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி இன்னொரு தரம் கேள். அவர்கள் ஏசினால் ஏசட்டும், ஏச்சு வாங்கி ஒருத்தரும் சாகவில்லை. அங்கே யாராவது உன்னிடம் அம்மாவைப் பற்றிக் கேட்டாலும் ‘இல்லை’ என்று அரைகுறையாகச் சொல்லி வைக்காதே. திருகோணமலையில் இருக்கிறா, நல்ல வாய்க்காரி என்று முழுதாகச் சொல்லு. எனக்கும் வயது போகிறது, மற்றைய ‘இல்லை’ தானாக வருகிற நேரம் வரட்டும்.

இனி இன்று காலை நடந்ததைச் சொல்கிறேன். நோட்டீஸ் வந்த நாளில் இருந்து ராணி சந்தைக்கு வரவில்லை. அவளுடைய இடத்தில் யாரும் சாக்கு விரிக்கவும் இல்லை, நசீர் நானா பார்த்துக்கொண்டார். இன்று கடை திறக்கும்போது அவள் வந்து நின்றாள். கடகம் இல்லை, வெறுங்கை. நெற்றியில் சிவப்பு இருந்தது. என்னை ஏசத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன், ஏசுகிற உரிமையும் அவளுக்கு உண்டு. அவள் வாயைத் திறக்கும் முன்னமே நான், “ராணி, நான் பொடியனோட கதைச்சிட்டன். அந்தப் படத்தைக் கழட்டி எறியச் சொல்லுறன். அவன் கழட்டாட்டி நானே கொழும்புக்குப் போய்க் கழட்டுவன்” என்று கையைப் பிடித்தேன்.

அவள் பதறிப்போனாள். “ஐயோ, வேண்டாமக்கா. கழட்ட வேண்டாமெண்டு சொல்லுங்கோ” என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. கதிரையில் இருத்தி, தேத்தண்ணி எடுப்பித்துக் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

“கலியாணத்தில நான் பின்னுக்கு இருந்தாலும் பரவாயில்லை அக்கா, பிள்ளை வாழ்ந்தாப் போதும். ஆனா படம் வெளிநாடெல்லாம் போகுமெண்டு நீங்கள் சொன்னனீங்கள். அதுக்காகத்தான் நான் முகத்தைக் காட்டினனான். எந்த ஊரில, எந்த மூலையில எண்டாலும் அவர் உயிரோட இருந்து, ஒருக்கா அவற்ற கண்ணில படாதோ எண்டுதான். அது போகட்டும். ஆனா இப்பிடிக் கறுப்போட போனா... அவர் பாத்தா என்ன நினைப்பாரக்கா? இவள் என்னைச் செத்தவன் எண்டு விட்டிட்டாள், இனி நான் ஏன் வரவேணும் எண்டெல்லோ நினைப்பார்?”

மகன், அதற்குப் பிறகுதான் இந்தத் தாளை எடுத்தேன். அவள் போகாமல் எதிரே படியில் இருக்கிறாள், உன்னிடம் இருந்து என்ன பதில் வரும் என்று கேட்டுக்கொண்டு.

அம்மா